வெந்நீரும் நிலக்கரியும்

பெங்களூர் மாநகரம் கடல் மட்டத்திற்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்துள்ளது. ஆதலின், தமிழகத்துச் சமவெளிகளிலிருந்து இந்நகரத்திற்குக் குடிவரும் ஒரு குடும்பம் முதன்முதலில் கற்றுக்கொள்வது கன்னட மொழியன்று. காலையில் வெந்நீரில் நீராடும் வழக்கமே ஆகும். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் இங்கே குழாயைத் திறந்தால், விரல் மரத்துப்போகும் அளவிற்கு நீர் குளிர்ந்திருக்கும். எனவே, காலை ஆறு மணியளவில் இலட்சக்கணக்கான இல்லங்களில் குளியலறைச் சுவரின் மேல் ஒரு சிறு சிவப்பு விளக்கு ஒளிரத் தொடங்குகிறது. கீசர் எனப்படும் மின்சார வெந்நீர்க் கருவி வேலை செய்கிறது என்பதற்கு அது அடையாளம்.

அந்தச் சிறு விளக்கிற்கும், உலகமெங்கும் இன்று பேசப்படும் புவி வெப்பம் என்னும் பெரும் பிரச்சினைக்கும் என்ன தொடர்பு? எரிசக்தியை வீணாக்காமல் பயன்படுத்தவும், கரியமிலவாயுவைக் குறைக்கவும் நமது அரசாங்கம் வகுத்துள்ள கொள்கை யாது? அதில் நமக்குரிய பங்கு எவ்வளவு? இவற்றையே இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

நான் விஞ்ஞானம் பயின்றவனல்லன். கலைப்பட்டம் பெற்று, மத்திய அரசில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிகிறவன். இத்துறையைப் பற்றிப் பேச எனக்குள்ள தகுதியெல்லாம், இது தொடர்பான சட்டங்களும் சுற்றறிக்கைகளும் அவ்வப்போது என் மேசைக்கு வந்து சேர்வதுதான். சில ஆண்டுகளுக்கு முன், அத்தகைய அறிக்கை ஒன்றைத் தமிழாக்கியபோது நான் ஒரு பிழை செய்தேன். மூலத்தில் இரண்டு வெவ்வேறு சொற்கள் மாறி மாறி வந்திருந்தன. இரண்டிற்கும் 'சிக்கனம்' என்ற ஒரே சொல்லை இட்டு அனுப்பிவிட்டேன். மேலதிகாரி அதனைத் திருப்பியனுப்பி, ஓரத்தில் ஒரு வினாவை மட்டும் எழுதியிருந்தார்: "விளக்கை அணைப்பதும் விளக்கை மாற்றுவதும் ஒன்றா?"

அவ்வினா என்னைச் சிந்திக்க வைத்தது. ஆளில்லாத அறையில் எரியும் விளக்கை அணைப்பது சிக்கனம். அதே அளவு வெளிச்சத்தைக் குறைந்த மின்சாரத்தில் தரும் வேறு விளக்கை மாட்டுவது செயல்திறன். முன்னது மனிதனின் பழக்கத்தைச் சார்ந்தது. பின்னது கருவியின் அமைப்பைச் சார்ந்தது. முன்னதை அறிவுரையால் மட்டுமே வளர்க்கலாம். பின்னதைச் சட்டத்தாலும் விதியாலும் வளர்க்கலாம். நம் நாட்டின் எரிசக்திக் கொள்கையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் இவ்விரண்டையும் முதலில் வேறுபடுத்தி அறிதல் வேண்டும்.

இனி, மின்சாரம் எவ்வாறு நம் வீட்டிற்கு வந்தது என்பதைச் சிறிது நோக்குவோம். மைசூர் சமஸ்தானத்தின் திவானாக விளங்கிய சேஷாத்திரி ஐயர், காவிரி நதியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்திற்கு ஆதரவளித்தார். அது நிறைவேறியதைக் காண அவர் உயிருடன் இல்லை. 1901ஆம் ஆண்டிலேயே காலமானார். 1902ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பிகளின் வழியே அம்மின்சாரம் கோலார் தங்கவயலை அடைந்தது. அவ்வளவு தொலைவிற்கு மின்சாரத்தைக் கொண்டுசெல்வது அக்காலத்தில் உலகமே வியந்த செயலாகும். நிலத்தின் அடியில் தங்கம் தோண்டிய தொழிலாளர்களில் பெருவாரியானோர் தமிழர்கள் என்பது நேயர்கள் அறிந்ததே. மூன்று ஆண்டுகள் கழித்து, 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பெங்களூரின் தெருக்களில் மின்விளக்குகள் ஏற்றப்பட்டன.

அந்நாளில் இம்மாநிலத்தின் மின்சாரம் பெரும்பாலும் நீரிலிருந்தே பிறந்தது. பின்னர் சராவதி நதியின் நீரும் அப்பணியில் சேர்ந்தது. நீர்வீழ்ச்சி புகைவதில்லை. ஆனால், மழை பொய்த்த ஆண்டுகளில் மின்சாரமும் பொய்த்தது. நகரம் வளர்ந்தது; ஆலைகள் பெருகின; ஆறுகள் மட்டும் பெருகவில்லை. எனவே, 1985ஆம் ஆண்டில், கிருஷ்ணை நதிக்கரையில் ராய்ச்சூர் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. பிற்காலத்தில் பல்லாரியிலும் அத்தகைய நிலையம் எழுந்தது. அன்றுமுதல் பெங்களூரின் வெந்நீரில் நிலக்கரியும் கலந்துவிட்டது.

நிலக்கரி எரியும்போது அதிலுள்ள கரி, காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடிக் கரியமிலவாயுவாக மாறுகிறது. 12 பங்கு எடையுள்ள கரி, 32 பங்கு எடையுள்ள பிராணவாயுவைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதால், எரிந்த கரியைக் காட்டிலும் வெளியேறும் வாயு மூன்றரை மடங்கிற்கும் அதிக எடையுள்ளதாகிறது. இவ்வாயு கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. ஆயினும், வானத்தில் சேர்ந்த பின், பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தின் ஒரு பகுதியைக் கம்பளிப் போர்வைபோல் தடுத்து நிறுத்துகிறது. போர்வை தடிக்கத் தடிக்கப் பூமி சூடேறுகிறது; பருவமழை நிலைகுலைகிறது.

நிலக்கரி நிலையத்தில் பிறக்கும் ஒவ்வொரு யூனிட் மின்சாரத்திற்கும் ஏறத்தாழ 1 கிலோ கரியமிலவாயு வெளியேறுகிறது. நீர், காற்று, சூரியன், அணு ஆகிய பிற வழிகளில் கிடைக்கும் மின்சாரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், நாட்டின் சராசரி யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ ஆகும். நம் நாட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது.

இதனை நம் குளியலறையோடு பொருத்திப் பார்ப்போம். 20 லிட்டர் கொள்ளும் ஒரு வாளி நீரை 20 பாகையிலிருந்து 40 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ அரை யூனிட் மின்சாரம் வேண்டும். நான்கு பேர் உள்ள குடும்பத்திற்கு நாள்தோறும் 2 யூனிட். ஆண்டில் 300 நாட்கள் வெந்நீர் வேண்டுமென்று கொண்டால் 600 யூனிட். இதற்காக வெளியேறும் கரியமிலவாயு ஏறத்தாழ 420 கிலோ. நால்வர் குளித்த நீர் சாக்கடையில் ஓடி மறைந்துவிடுகிறது. அந்த 420 கிலோ வாயுவில் ஒரு பகுதியோ பல நூற்றாண்டுகள் வானத்தில் தங்கியிருக்கிறது.

இதில் இன்னொரு விந்தையும் உண்டு. நிலக்கரியை எரித்து நீரை நீராவியாக்கி, அதனால் சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் எடுக்கும்போது, எரிந்த வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. அதிலும் ஒரு பகுதி கம்பிகளின் வழியே வரும்போது இழப்பாகிறது. முடிவில், 100 பங்கு வெப்பத்தில் ஏறத்தாழ 30 பங்கே நம் வீட்டை வந்து சேருகிறது. வந்து சேர்ந்ததை நாம் என்ன செய்கிறோம்? மீண்டும் வெப்பமாகவே மாற்றுகிறோம்! விறகடுப்பில் ஒரு தவலை வெந்நீர் வைப்பதற்காக, ஊருக்கு அப்பால் மூன்று தவலைக்கான விறகை எரிப்பது போன்றது இது.

இவ்விந்தையை நெடுங்காலத்திற்கு முன்பே எடுத்துரைத்தவர் பெங்களூரைச் சேர்ந்த ஒரு பேராசிரியர். 1930ஆம் ஆண்டில் இந்நகரத்தில் பிறந்து, இந்திய விஞ்ஞான நிலையத்தில் பணியாற்றி, 2006ஆம் ஆண்டில் மறைந்த அமுல்யா ரெட்டி அவர்கள், 1974ஆம் ஆண்டில் கிராமங்களுக்குப் பயன்படும் விஞ்ஞானத்திற்கென 'அஸ்த்ரா' என்ற பிரிவை அந்நிலையத்தில் தோற்றுவித்தார். மின்சாரத்தைப் பற்றித் திட்டமிடுகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் வினா, "இன்னும் பத்து ஆண்டுகளில் எத்தனை யூனிட் தேவைப்படும்?" என்பதே. ரெட்டி அவர்கள் வினாவையே மாற்றினார். மக்களுக்கு வேண்டியது மின்சாரமன்று. வெளிச்சம், வெந்நீர், வயலுக்கு நீர், ஆலையில் சுழற்சி ஆகியவையே. இப்பணிகள் ஒவ்வொன்றையும் மிகக் குறைந்த எரிசக்தியில் நிறைவேற்றும் வழி யாது என்று முதலில் கேளுங்கள். எஞ்சிய தேவைக்கு மட்டும் மின் நிலையம் கட்டுங்கள் என்றார்.

1987ஆம் ஆண்டில் கருநாடகத்தின் எதிர்கால மின் தேவைக்கென நீண்டகாலத் திட்டமொன்று வகுக்கப்பட்டது. அதனை ஆராய்ந்து, ரெட்டி அவர்களும் அவருடன் பணியாற்றியவர்களும் 1991ஆம் ஆண்டில் ஒரு மாற்றுக் கணக்கை வெளியிட்டனர். சிறந்த விளக்குகள், சிறந்த நீரிறைக்கும் பம்புகள், மின்சாரத்திற்குப் பதில் சூரிய வெப்பத்தால் வெந்நீர் ஆகியவற்றைக் கையாண்டால், அத்திட்டம் கோரியதில் பாதிக்கும் குறைவான மின்சாரமே போதும் என்று அக்கணக்குக் காட்டியது. அதுவும், இருளில் கிடக்கும் எல்லா வீடுகளுக்கும் விளக்குத் தந்த பின்னரே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. செயல்திறன் என்பது இருப்பவர் வாயைக் கட்டுவதன்று. இல்லாதவர் வாயிலும் உணவு சேர வழிசெய்வது என்ற உண்மை இக்கணக்கில் அடங்கியுள்ளது.

சூரிய வெந்நீர்க் கருவி பெங்களூரின் மாடிகளில் பரவியது இதன் தொடர்ச்சியே எனலாம். அக்கருவியின் அமைப்பு மிக எளியது. கறுப்பு வண்ணம் பூசிய உலோகத் தகட்டோடு குழாய்கள் பொருத்தப்பட்டு, மேலே கண்ணாடி மூடப்பட்டிருக்கும். சூடேறிய நீர் இலேசாகி மேலுள்ள தொட்டிக்கு ஏறும். குளிர்ந்த நீர் கனத்தால் கீழே இறங்கும். பம்பும் வேண்டாம், சக்கரமும் வேண்டாம். அண்மைக் காலத்தில் வெற்றிடக் கண்ணாடிக் குழாய்களைக் கொண்ட வகையும் பெருகியுள்ளது. எவ்வகையாயினும், முதல்நாள் பகலில் விழுந்த வெயில் மறுநாள் காலை வரை தொட்டியில் வெந்நீராகக் காத்திருக்கிறது.

காத்திருக்கும் இத்தன்மையே மிக முக்கியமானது. தும்கூர் மாவட்டத்துப் பாவகடாவில் 2,050 மெகாவாட் திறனுள்ள பெரும் சூரிய மின் பூங்கா இருக்கிறது. அது நண்பகலில் ஏராளமாக மின்சாரம் வழங்கும். காலை ஆறு மணிக்கு வழங்க இயலாது. பெங்களூர் குளிப்பதோ காலை ஆறு மணிக்கு. ஒரு கீசர் 2,000 வாட் மின்சாரத்தை இழுக்கிறது. ஓர் இலட்சம் வீடுகளில் ஒரே சமயத்தில் அது இயங்கினால் 200 மெகாவாட் தேவைப்படும். ராய்ச்சூரில் முதலில் நிறுவப்பட்ட இயந்திரத் தொகுதி ஒன்றின் முழு ஆற்றலே 210 மெகாவாட்தான். ஆக, ஓர் இலட்சம் மாடிகளில் சூரிய வெந்நீர்க் கருவி இருக்குமாயின், காலை வேளையில் ஏறக்குறைய ஒரு நிலக்கரித் தொகுதியின் வேலையை அது மிச்சப்படுத்துகிறது.

இதனை உணர்ந்தே கருநாடக அரசு 2007ஆம் ஆண்டில், புதிய கட்டடங்களில் சூரிய வெந்நீர்க் கருவியைக் கட்டாயமாக்கி ஆணை பிறப்பித்தது. மின் இணைப்புக் கோருவோர் கருவி பொருத்தியதைக் காட்ட வேண்டும் என்றாயிற்று. பொருத்தியவர்களுக்கு மின் கட்டணத்தில் யூனிட்டுக்கு 50 காசு வீதம், மாதத்திற்கு 50 ரூபாய்க்கு மேற்படாமல், தள்ளுபடியும் வழங்கப்பட்டது. அறிவுரை ஒரு புறம், ஆணை ஒரு புறம், சலுகை ஒரு புறம் என மூன்றும் சேர்ந்தபோதே பெங்களூரின் மாடிகள் மாறின என்பதை நாம் மறத்தலாகாது.

மாநிலத்தில் நிகழ்ந்தது இது. இனி நாடளாவிய கொள்கையைக் காண்போம். 2001ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தை இயற்றியது. அச்சட்டத்தின்கீழ் 2002ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் எரிசக்தித் திறன் பணியகம் நிறுவப்பட்டது. சட்டத்தின் பெயரில் சேமிப்பு; பணியகத்தின் பெயரில் திறன். நான் ஒன்றாகக் குழப்பிய இரண்டு சொற்களும் இங்கே தனித்தனியே இடம் பெற்றிருப்பதை நேயர்கள் கவனித்தல் வேண்டும்.

அப்பணியகத்தின் செயல்களில் நம் வீட்டிற்குள் நுழைந்தது நட்சத்திரக் குறியீடு. 2006ஆம் ஆண்டில் தொடங்கிய இத்திட்டத்தின்படி, குளிர்பதனப் பெட்டி, ஏர்கண்டிஷனர் போன்ற சாதனங்களின் மேல் 1 முதல் 5 வரை நட்சத்திரங்கள் கொண்ட சீட்டு ஒட்டப்படுகிறது. நட்சத்திரம் மிகுந்தால் மின்செலவு குறையும். 2010ஆம் ஆண்டில் சில சாதனங்களுக்கு இது கட்டாயமாயிற்று. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து கூரையில் சுழலும் மின்விசிறிக்கும் கட்டாயமாகியுள்ளது. சாதாரண விசிறி 75 வாட் வரை மின்சாரம் கொள்ளும்போது, புதுவகை விசிறி அதில் பாதிக்கும் குறைவாகவே கொள்கிறது. 2020ஆம் ஆண்டு முதல், விற்பனைக்கு வரும் ஏர்கண்டிஷனர்கள் இயக்கியவுடன் 24 பாகையில் நிற்குமாறு அமைக்கப்பட வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. வேண்டுவோர் மாற்றிக்கொள்ளலாம், மாற்றாதவர் தம்மையறியாமலே மிச்சப்படுத்துகிறார். மனித இயல்பை நன்கறிந்து வகுத்த விதி இது.

விளக்கின் கதை இன்னும் சுவையானது. பழைய இழைவிளக்கு, தான் வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணாக்கியது. 60 வாட் இழைவிளக்குத் தரும் ஒளியை 9 வாட் எல்.இ.டி. விளக்குத் தந்துவிடுகிறது. ஆனால், விலை தடையாக இருந்தது. அரசு நிறுவனம் ஒன்றே கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்க முன்வந்தபோது, 2014ஆம் ஆண்டில் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை, 2016ஆம் ஆண்டில் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2015ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய 'உஜாலா' திட்டத்தின் வழியே 36 கோடிக்கு மேற்பட்ட விளக்குகள் நாடெங்கும் வழங்கப்பட்டன. கருநாடகத்தில் இத்திட்டம் 'புதிய ஒளி' என்ற பொருளில் 'ஹொச பெளகு' எனப் பெயர் பெற்றது.

ஆலைகளுக்கும் தனித் திட்டம் உண்டு. 2012ஆம் ஆண்டில், சிமெண்ட், இரும்பு, உரம், காகிதம் முதலிய 8 துறைகளைச் சேர்ந்த 478 நிலையங்களுக்கு எரிசக்தி இலக்குகள் விதிக்கப்பட்டன. இலக்கிற்கு மேல் மிச்சப்படுத்தியவர் சான்றிதழ் பெற்று விற்கலாம். இலக்கை எட்டாதவர் அதை வாங்க வேண்டும். "செய்க, எய்துக, விற்க" என்று இதன் பெயரைத் தமிழாக்கலாம். 2022ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் இதனை மேலும் விரிவாக்கியது. எரிபொருளின் அளவோடு நில்லாது, வெளியேறும் கரியமிலவாயுவையே டன் கணக்கில் அளந்து வாணிகம் செய்யும் கரிம வரவுத் திட்டம் 2023ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அலுமினியம், சிமெண்ட் முதலிய சில தொழில்களுக்கான இலக்குகள் 2025ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டன.

இவையனைத்தும் உலகிற்கு நாம் அளித்த வாக்கின் பகுதிகள். 2021ஆம் ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டில், 2070ஆம் ஆண்டிற்குள் நிகர வெளியேற்றத்தைப் பூச்சியமாக்குவதாக இந்தியா அறிவித்தது. 2030ஆம் ஆண்டிற்குள், நாட்டின் ஒவ்வொரு ரூபாய் உற்பத்திக்கும் வெளியேறும் வாயுவின் அளவை, 2005ஆம் ஆண்டில் இருந்ததைவிட 45 சதவீதம் குறைப்பதும் அவ்வாக்குகளுள் ஒன்று. இங்கே ஒரு நுட்பம் உண்டு. ரூபாய்க்கு இவ்வளவு என்ற விகிதம் குறைந்தாலும், ரூபாய்கள் பெருகினால் மொத்த வாயு கூடவே செய்யலாம். வளரும் நாடொன்று இப்போதைக்கு விகிதத்தைக் குறைப்பதாகவே வாக்களிக்க இயலும். அதுபோலவே, 2025ஆம் ஆண்டில் நம் நாட்டின் மின் நிலையங்களின் மொத்தத் திறனில் பாதி, நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் சாராததாயிற்று என்ற செய்தி மகிழ்ச்சிக்குரியது. எனினும், நிலையத்தின் திறன் வேறு, அது நாள் முழுதும் ஈட்டித் தரும் மின்சாரம் வேறு. சூரியன் மறைந்த பின் நிலக்கரியே இன்றும் பெருஞ்சுமையைத் தாங்குகிறது. ஆகவே, காலையிலும் மாலையிலும் நாம் மிச்சப்படுத்தும் யூனிட்டுக்குப் பகலில் மிச்சப்படுத்துவதைவிட மதிப்பு அதிகம்.

இத்தனை திட்டங்களும் விதிகளும் இருக்கும்போது, தனிமனிதன் செய்ய என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இதற்கு என் வீட்டு அனுபவத்தையே விடையாகக் கூறுகிறேன். எங்கள் வீட்டு மாடியிலும் விதிப்படி சூரிய வெந்நீர்க் கருவி உண்டு. மழைநாட்களில் உதவுவதற்காக அதன் தொட்டிக்குள் ஒரு மின்சூடேற்றியும் பொருத்தப்பட்டிருக்கிறது. ஓராண்டு முழுவதும் வெந்நீர் குறைவின்றி வந்தது. நாங்களும் சூரிய பகவானை வாழ்த்திக் குளித்தோம். ஆனால், மின்சாரப் பட்டியல் மட்டும் ஏறிக்கொண்டே சென்றது. ஒருநாள் பழுதுபார்ப்பவரை அழைத்து வந்து கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்புப் படிந்து, குழாய்கள் பெரும்பாலும் அடைபட்டிருந்தன. மழைக்காலத்தில் போட்ட மின்சூடேற்றியின் விசையை அணைக்க மறந்துவிட்டோம். ஆண்டு முழுவதும் எங்களைக் குளிப்பாட்டியது சூரியனன்று, நிலக்கரியே.

விதி கருவியை மாடிவரை ஏற்றிவிடும். அதைத் துடைப்பதற்கும், விசையை அணைப்பதற்கும் விதியால் ஏறி வர இயலாது. செயல்திறன் நம் வீட்டிற்கு வந்த பின்னும் சிக்கனம் வீட்டில் இருந்தாக வேண்டும். என் அதிகாரி கேட்ட வினாவின் முழுப்பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. விளக்கை அணைப்பதும் மாற்றுவதும் ஒன்றல்ல. ஆனால், ஒன்றில்லாமல் மற்றொன்று நிறைவுறாது.

இவ்வுண்மையை 1865ஆம் ஆண்டிலேயே ஆங்கிலப் பொருளியல் அறிஞர் ஜெவன்ஸ் வேறொரு வகையில் சுட்டிக்காட்டினார். நீராவி இயந்திரம் திருந்தி, குறைந்த நிலக்கரியில் மிகுந்த வேலை செய்யத் தொடங்கியபோது, இங்கிலாந்தின் நிலக்கரிச் செலவு குறையவில்லை. மாறாக, இயந்திரங்கள் பெருகிச் செலவு கூடிற்று என்றார். இன்றும் 9 வாட் விளக்குத்தானே என்று இரவு முழுவதும் எரியவிடுவோரும், ஐந்து நட்சத்திர ஏர்கண்டிஷனர்தானே என்று 18 பாகையில் வைத்துக் கம்பளி போர்த்திக்கொள்வோரும் நம்மிடையே உண்டு. வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தினால் ஏறத்தாழ 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்று எரிசக்தித் திறன் பணியகம் கூறியுள்ளது.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். 2023ஆம் ஆண்டில் கருநாடகத்தில் தொடங்கிய 'கிருக ஜோதி' திட்டத்தின்கீழ், முன்னர்ப் பயன்படுத்திய சராசரியுடன் சிறிதளவு சேர்த்து, 200 யூனிட்டுக்கு மேற்படாத மின்சாரம் வீடுகளுக்குக் கட்டணமின்றி வழங்கப்பட்டது. ஏழைக் குடும்பங்களுக்கு இது பேருதவி என்பதில் ஐயமில்லை. ஆனால், பட்டியலில் பூச்சியம் என்று அச்சிட்டிருப்பதால், உலையில் எரிந்த நிலக்கரியும் பூச்சியமாகிவிடுவதில்லை. "ஆற்றிலே கொட்டினாலும் அளந்து கொட்டு" என்று நம் முன்னோர் கூறியது ஆறு வற்றிவிடும் என்ற அச்சத்தாலன்று. அளக்கும் கைக்குப் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகவே.

ஆகவே, நேயர்கள் இயன்றவரை கைக்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறி என் பேச்சை நிறைவு செய்கிறேன். சூரிய வெந்நீர்க் கருவி உள்ளவர்கள் அதன் கண்ணாடியை மாதம் ஒருமுறை துடையுங்கள். உப்பு நீர் உள்ள பகுதியாயின், குழாய்களைக் காலந்தவறாமல் சுத்தம் செய்வியுங்கள். வெயில் காயும் நாட்களில் தொட்டியின் மின்சூடேற்றி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கீசர் பயன்படுத்துவோர், வீட்டிலுள்ளோர் அடுத்தடுத்துக் குளித்து முடிக்குமாறு வைத்துக்கொண்டு, முடிந்தவுடன் விசையை அணையுங்கள். புதிய சாதனம் வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டுமன்றி, சீட்டில் அச்சிட்டுள்ள ஆண்டையும், ஓராண்டு மின்செலவையும் படியுங்கள். அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால், முன்னாளைய ஐந்து நட்சத்திரம் இந்நாளைய ஐந்து நட்சத்திரம் ஆகாது. மின்சாரப் பட்டியலில் தொகையைப் பார்ப்பதோடு நில்லாது, யூனிட்டையும் பாருங்கள். அதனை 0.7ஆல் பெருக்கினால், அம்மாதம் உங்கள் வீட்டின் பொருட்டு வானத்தில் சேர்ந்த கரியமிலவாயு எத்தனை கிலோ என்பது தோராயமாகத் தெரிந்துவிடும். பள்ளியில் பயிலும் குழந்தைகளிடம் இக்கணக்கை ஒப்படைத்தால், அவர்கள் அதை மகிழ்ச்சியுடன் செய்வார்கள். அதன் பின் வீட்டில் வீணாக எரியும் விளக்குகள் தாமே குறையும்.

நாளைக் காலையில் பெங்களூர் மீண்டும் நீராடும். நம் மேல் விழும் வெந்நீர் முதல்நாள் வெயிலின் கொடையா, அன்றைய நிலக்கரியின் கடனா என்பதைச் சட்டமும் பணியகமும் பாதி தீர்மானித்துவிட்டன. மறுபாதி நம் விரல் நுனியில் உள்ள விசையைப் பொறுத்தது.